பள்ளிக்குத் திரும்பி வரும் பழைய புகார்

படிக்கிற காலத்தில் ஆசிரியராலோ விடுதிக் காப்பாளராலோ அலுவலக ஊழியராலோ பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவர், வளர்ந்து பெரியவரான பிறகு அதைப் பள்ளியிடம் சொல்வது பழைய புகார் எனப்படும். நடந்ததற்கும் சொல்வதற்கும் இடையே பத்து ஆண்டுகள் இருக்கலாம், முப்பது ஆண்டுகளும் இருக்கலாம். குற்றம் சாட்டப்படுபவர் இறந்திருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். அதே பள்ளியில் இன்று மூத்த ஆசிரியராகவோ தலைமையாசிரியராகவோகூட இருக்கலாம். வேலூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் குழந்தைப் பாதுகாப்பு வேலையில் பழகியவர்கள், இத்தகைய புகார் ஒரு பள்ளிக்கு வந்ததும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள்: வந்தவர் சொன்னதை யாராவது தேதி போட்டு எழுதி வைத்தார்களா? எழுதியிருந்தால் மேற்கொண்டு செல்ல வழி இருக்கும். எழுதவில்லை என்றால், பள்ளி அதைப் பேசியே தீர்த்துவிட எண்ணியிருக்கிறது என்று பொருள்.

புகார் பெரும்பாலும் புகார் என்ற பெயரோடு வருவதில்லை. மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வரிசையில் நின்ற தாய், தன்னைச் சீரழித்த ஆசிரியர் அதே வராண்டாவில் நடந்துபோவதைப் பார்க்கிறார். விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. வெள்ளிவிழாச் சந்திப்புக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம சார்’ என்று ஒரு படம் போடப்படுகிறது; ஒருவர் குழுவைவிட்டு வெளியேறுகிறார்; ஏன் என்று கேட்ட தோழியிடம்தான் முதன்முதலாக வாய் திறக்கிறார். நல்லாசிரியர் விருதுப் பட்டியல், பணிநிறைவுப் பாராட்டு விழா, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஊர் அந்த மனிதரைப் போற்றும் நாளில்தான் பழைய காயம் பொறுக்கமுடியாததாகிறது.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்பது பள்ளிகள் கேட்கும் முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை இயங்கிய அரச விசாரணை ஆணையம், நிறுவனங்களில் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளான எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தனித்தனியே சந்தித்துக் கேட்டது. அவர்கள் நடந்ததை முதன்முறையாக ஒருவரிடம் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். ஆண்கள் பெண்களைவிட நீண்ட காலம் அடக்கிவைத்திருந்தார்கள். இந்தியாவில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது, 53.22 சதவீதத்தினர் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் தெரிவித்திருக்கவில்லை. அந்தக் குழந்தைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வரத் தொடங்குவது இனிமேல்தான். தாமதம் இந்தக் குற்றத்தோடு கூடவே பிறந்தது என்பதைப் பள்ளி ஏற்றுக்கொள்ளாதவரை மேற்கொண்டு ஒன்றும் சரியாக நடக்காது.

தோல் வட்டாரத்துக்கென்று சில கூறுகள் உண்டு. இங்கே பள்ளிகள் பல கைகளால் உண்டானவை. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூர்ப் பக்கத்தில் பள்ளிகளைத் தொடங்கியது. ஆம்பூரில் லுத்தரன் மிஷன் தொடங்கியது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு முஸ்லிம் கல்விச் சங்கங்கள் பள்ளிகளை எழுப்பின. இவற்றோடு அரசுப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும், பின்னால் வந்த மெட்ரிக் பள்ளிகள். இவை இல்லாவிட்டால் எழுத்தறியாமல் போயிருக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே பள்ளியின் மேல் ஊருக்கு இருக்கும் நன்றி உண்மையானது. புகார் சொல்ல வருபவரும் அந்த நன்றியைச் சுமந்துகொண்டுதான் வருகிறார். பள்ளியைப் பழிக்கிறோமோ என்ற கூச்சம் அவரைப் பாதிச் சொல்லில் நிறுத்துகிறது.

நிர்வாகக் குழுவில், ஊர்ப் பேச்சில் ‘கமிட்டி’யில், தோல் ஷாப்பு முதலாளிகளும் ஷூ கம்பெனிக்காரர்களும் இருப்பது இந்த ஊர்களில் இயல்பு. அப்படியிருக்க, மாணவியின் தந்தை தோல் ஷாப்பில் ஊறவைக்கும் தொட்டியருகே நிற்பவர், தாய் விடிகாலையில் கம்பெனி வேன் ஏறுபவர் என்றால், பள்ளிமேல் சொல்லும் புகார் வீட்டின் அடுப்பையே தொடுகிறது. மகள் சொன்னதைக் கேட்ட தாய் மென்று விழுங்கிவிட்டு, மறுவாரமே மகளைப் பள்ளியைவிட்டு நிறுத்திவிடுவது இப்படித்தான். பதிவேட்டில் அவள் ‘இடைநின்றவர்’. காரணம் கேட்டால் ‘குடும்பச் சூழ்நிலை’. பிறகு பீடி சுற்றியிருப்பாள், அல்லது வயது வந்ததும் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய வாழ்க்கையின் திசையே திரும்பியதற்கான காரணம் எந்த ஆவணத்திலும் இல்லை.

புகார் வந்தவுடன் பள்ளிகள் செய்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘அப்போது நான் இங்கே இல்லை’ என்கிறார் தலைமையாசிரியர். அது உண்மையாகவும் இருக்கும்; ஆனால் புகார் அவர்மேல் அல்ல, பள்ளிமேல். பள்ளி அப்போதும் இருந்தது. அடுத்து, ‘இப்ப என்னம்மா செய்யணும்ங்கறீங்க?’ என்ற கேள்வி. கேட்பவர் உதவும் எண்ணத்தோடு கேட்டாலும், வந்தவரின் காதில் அது ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று பேரம்போல விழுகிறது. மூன்றாவதாக, குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து ‘இப்படி ஒருத்தர் வந்தாங்க’ என்று சொல்லிவிடுவது. இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் கிடையாது. அன்று மாலைக்குள் புகார் சொன்னவரின் வீட்டுக்கு யாராவது பெரியவர் வந்துவிடுகிறார்.

காதும் காதும் வைத்தாற்போல் முடிப்பது என்பது பள்ளிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. ஊர் முழுக்க ஒத்துழைத்தால்தான் அது நடக்கும். ஜமாத்தில், சபையில், ஊர்ப் பஞ்சாயத்தில் நல்லெண்ணம் கொண்டவர்களே, ‘வெளியே போனால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர்’ என்று சமாதானம் பேசுகிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடமில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர்மேல் மாணவி தொடர்பாகப் பதிவான வழக்கை, இரு தரப்பும் சமரசமாகிவிட்டன என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. இத்தகைய குற்றம் இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தனிச் சண்டை அல்ல, சமரசம் பேசி முடிக்க முடியாது என்பது அதன் சாரம்.

சமாதானத்தின் வழக்கமான விளைவு, ஆசிரியர் ‘சொந்தக் காரணங்களால்’ விலகுவது. கையில் நன்னடத்தைச் சான்றிதழோடு அவர் அடுத்த ஊரில் சேர்கிறார். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பணிப்பதிவேட்டில் ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வூதியம்வரை போய்விடலாம். இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கும் இன்னொன்றுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே போய்ச் சேர்ந்தவரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், யாரும் எழுதித் தருவதில்லை. ஒரு பள்ளி தன் பெயரைக் காத்துக்கொள்ள எழுதிக் கொடுத்த அந்த ஒரு சான்றிதழ், அடுத்த பள்ளிக் குழந்தைகளுக்குச் செய்த கேடு என்றே சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த மௌனம் பெரிய அளவில் உடைந்தது 2021 மே மாதம். சென்னை கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி பால பவன் பள்ளியின் முன்னாள் மாணவர்கள், அங்கே நீண்ட காலம் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். முன்பே சொல்லியும் கவனிக்கப்படவில்லை என்றும் சிலர் எழுதினார்கள். பள்ளி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. காவல்துறை கைது செய்தது. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிர்வாகத்தை விசாரணைக்கு அழைத்தது. சில நாள்களில் வேறு பள்ளிகளின் பழைய மாணவர்களும் எழுதத் தொடங்கினார்கள். இணையவழி வகுப்புகளுக்கு அரசு நெறிமுறை வகுத்தது. பள்ளிகள்தோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க ஆணை வந்தது. ஊரடங்கின்போது பள்ளி மூடியிருந்ததும், முன்னாள் மாணவர்கள் ஊர் ஊராகச் சிதறியிருந்தாலும் செல்பேசியில் ஒன்றாகக் கூடியதும் இதைச் சாத்தியமாக்கின. தனியாகச் சொன்னபோது நம்பப்படாத சொல், இருபது பேர் சேர்ந்து சொன்னபோது நம்பப்பட்டது. இருபது பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே அதிலுள்ள துயரம்.

அதே ஆண்டு நவம்பரில் கோவையில் பதினேழு வயது மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கொடுமை நடந்ததாகச் சொல்லப்பட்ட பள்ளியிலிருந்து அவர் அதற்கு முன்பே வேறு பள்ளிக்கு மாறியிருந்தார். குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரோடு, விஷயம் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் கைதானார். 2024 ஆகஸ்டில், வாணியம்பாடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தப்பட்டது; அதில் நேர்ந்த கொடுமையை மாணவிகள் சொல்லியும் மறைத்ததாக அங்கேயும் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. இந்த இரண்டு செய்திகளுக்குப் பிறகுதான் தோல் வட்டாரத்துத் தாளாளர்கள் பலர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், தெரிவிக்கும் கடமையைப் பேசும் 19ஆம், 21ஆம் பிரிவுகளை எடுத்துப் படித்தார்கள். இந்த இரண்டு பள்ளிகளின் பெயரையும் இங்கே சொல்லாததற்குக் காரணம் உண்டு. போக்சோ 23ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமல்ல, அடையாளம் காட்டிக்கொடுக்கும் பள்ளியின் பெயரையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்கிறது. தனிச் சிறுமியைச் சுட்டும் வழக்குகளில் பள்ளியின் பெயரைத் தவிர்ப்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குக் கைப்பழக்கம்.

முழுக்கப் பழைய புகார் என்று சொல்லத்தக்கது சென்னைக் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் எழுந்தது. 2023 மார்ச்சில் அங்கே மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. ஓராண்டு கழித்து 2024 ஏப்ரலில், பல ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவிகளின் புகாரின் பேரில் முன்னாள் ஆசிரியர் ஒருவரும் கைது செய்யப்பட்டார். இன்றைய மாணவிகள் பேசியதால் நேற்றைய மாணவிகளுக்குத் துணிவு வந்தது. எந்தப் பள்ளியிலும் புதிய புகாரை நேர்மையாக விசாரித்தால் பழைய புகார்கள் பின்னாலேயே வரும். நிர்வாகம் அதற்கு ஆயத்தமாக இருக்கவேண்டும். கைது என்பது தீர்ப்பு அல்ல என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சட்டத்தில் ஒரு தேதி எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கிறது: 2012 நவம்பர் 14. அன்றுதான் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி குற்றச் சட்டம் பின்னோக்கிப் பாயாது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தது என்றால், பாதிக்கப்பட்டவருக்கு இப்போது எத்தனை வயதானாலும் போக்சோவின்கீழ் புகார் தரலாம். புகார் தரக் காலவரம்பு இல்லை என்று 2018இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. பள்ளி ஊழியரே செய்த குற்றம் இச்சட்டத்தில் கடுமையாக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன்கீழ் வேலை செய்பவர் செய்ததைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்குப் போடவும் முடியாது. மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதிச் சிறுமிகளுக்கு நேர்ந்ததை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று மருத்துவர் ஒருவர்மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. தெரிவிக்காமல் இருப்பதே தனிக் குற்றம் என்பதை மறக்க இனி இடமில்லை.

2012க்கு முந்தையது கடினம். அப்போது முதன்மையாகக் கையில் இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். பாலியல் வன்புணர்வுக்குக் காலவரம்பு இல்லை. ஆனால் பள்ளிகளில் அதிகம் நடந்த தொடுதல், தடவுதல், தனியறைக்கு அழைத்தல் போன்றவை அன்று 354ஆம் பிரிவில் அடங்கின. அதற்கு 2013 பிப்ரவரி வரை அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டு. மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களை மூன்றாண்டுக்குள் நீதிமன்றம் கவனத்தில் எடுக்கவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு சொன்னது. 473ஆம் பிரிவு அதற்கு ஒரு வாசல் வைத்தது: தாமதத்துக்குத் தகுந்த விளக்கம் இருந்தால், அல்லது நீதியின் பொருட்டுத் தேவை என்று கருதினால், நீதிமன்றம் காலவரம்பைத் தளர்த்தலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த வாசல் இருக்கிறது. அதைத் தட்டவேண்டுமென்றால் மனு எழுதவேண்டும், தாமதத்தின் காரணத்தைக் கோவையாகச் சொல்லவேண்டும். சிறுவர்களின் நிலை இன்னும் மோசம்: 2012க்கு முன் அவர்களுக்கு 377ஆம் பிரிவைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. விடுதிகளில் வளர்ந்த ஆண்கள் ஐம்பது வயதில் வந்து சொல்லும்போது, சட்டத்தில் தங்களுக்கு நேர்ந்ததற்குப் பெயரே இருக்கவில்லை என்று கேட்டு நொறுங்கிப்போவது இந்த வேலையில் பார்க்கக் கிடைக்கும் கொடிய காட்சிகளில் ஒன்று.

இங்கே பள்ளிகள் ஒரு நுணுக்கத்தைத் தவறவிடுகின்றன. நடந்தது 2003இல், போக்சோ பொருந்தாது, ஆகவே தெரிவிக்கவேண்டிய கடமையும் இல்லை என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். 19ஆம் பிரிவு நடந்த குற்றத்தை மட்டும் பேசவில்லை. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தெரிவிக்கவேண்டும் என்கிறது. அந்த ஆசிரியர் இன்றும் வகுப்பறையில் நிற்கிறார் என்றால், 2003ஆம் ஆண்டுப் புகார் இன்றைய குழந்தைகளைப் பற்றிய செய்தியும்தான்.

ஆவணங்களைத் தேடுவது இந்த வேலையின் பெரும்பகுதி. கைகளில் தூசி படியும் பகுதியும் இதுவே. ஆசிரியர் வருகைப்பதிவேடு, மாணவர் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை, பணிப்பதிவேடு, மெமோ நகல்கள், ஆய்வு அலுவலரின் குறிப்பு, விடுதி இருந்தால் இரவு வருகைப்பதிவு, சுற்றுலாப் பட்டியல், ஸ்பெஷல் கிளாஸ் நேர அட்டவணை. இவற்றில் கொடுமை எழுதப்பட்டிருக்காது. எழுதப்பட்டிருப்பது வேறு: குறிப்பிட்ட ஆண்டில் அந்த ஆசிரியர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தார், ஆண்டின் நடுவில் திடீரென்று வேறு வகுப்புக்கு மாற்றப்பட்டார், அதே மாதத்தில் இரண்டு மாணவிகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. வந்தவர் சொன்ன தேதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேசத் தொடங்குகின்றன. புகார் வந்த நாளிலேயே இந்தப் பதிவேடுகளை ஒரு பீரோவில் வைத்துப் பூட்டி, பட்டியலிட்டு, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். பழைய காகிதம் என்று எடைக்குப் போட ஆள் வந்த கதை எந்தப் பள்ளியிலும் உண்டு. புகார் வந்த பிறகு அப்படி ஆள் வந்தால் அதைத் தற்செயல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பள்ளிக்கு வெளியே உள்ள தாள்களைத் தேட மாவட்ட வரலாறு தெரிந்திருக்கவேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம்; 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம்; அதற்கும் முன்னால், 1989இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு சில ஆண்டுகள், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1995இல் ஆம்பூர் ஆசிரியர் ஒருவர்மேல் பெற்றோர் எழுதிய மனு கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தால், அதன் சுவடை முதலில் வேலூரில்தான் தேடவேண்டும். ஒரு தாய் இருபது ஆண்டுகளுக்கு முன் பிறர் கையால் எழுதி வாங்கிக் கொடுத்த மனு ஒரு கட்டுக்குள் கிடைத்தால் அந்த ஒரு தாள் பத்துச் சாட்சிக்குச் சமம். மகள் அதைப் பார்த்து, ‘அம்மா சொல்லியிருக்காங்களா?’ என்று கேட்டால், அவள் இத்தனை காலம் தாயைத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தாள் என்று புரியும்.

வந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குப் பயிற்சி வேண்டும். சென்னையில் 2004 முதல் இயங்கும் துளிர் போன்ற அமைப்புகள் இதைக் கற்றுத் தந்திருக்கின்றன. தாளாளர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் ஒருவரை உட்காரவைக்கக் கூடாது. பள்ளி வளாகமே அவருக்கு மூச்சுமுட்டும் இடமாக இருக்கலாம், வெளியே சந்திக்கலாம். ஷூ கம்பெனியில் வேலை செய்பவரை வேலைநாளில் வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும், சூப்பர்வைசர் காரணம் கேட்பார், ஞாயிற்றுக்கிழமைதான் தோது. வீட்டில் உருது பேசுபவர் உருதுவில் சொல்லவேண்டும். தமிழில் கேட்டால் மரியாதையான, மழுங்கிய சொற்கள்தான் வரும். பன்னிரண்டு வயதில் நேர்ந்ததைச் சொல்ல அந்த வயதில் பேசிய மொழிதான் உதவும். அவர் சொன்ன சொற்களையே எழுதவேண்டும். ‘தவறாக நடந்துகொண்டார்’ என்று எழுதுபவர் தன் கூச்சத்தைக் காகிதத்தில் ஏற்றுகிறார். பின்னால் நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு எடை இராது. எழுதியதைப் படித்துக்காட்டி, ஒரு நகலைக் கையில் கொடுக்கவேண்டும். ரகசியமாக வைத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை இருக்கிறது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பள்ளி தானே விசாரித்து முடிவுக்கு வந்த பிறகு காவல்துறைக்குப் போகலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குற்றம் நடந்ததா என்று தீர்மானிக்கும் வேலை பள்ளியுடையது அல்ல. பள்ளியின் வேலை தெரிவிப்பது, ஆவணத்தைக் காப்பது, இப்போதுள்ள குழந்தைகளிடமிருந்து அந்த ஊழியரை விலக்கிவைப்பது, பிறகு பணிவிதிப்படி ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது. கடைசி வேலையில் உதவிபெறும் பள்ளிகள் பலமுறை சறுக்கியிருக்கின்றன. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பணியிடை நீக்கம் இரண்டு மாதம்தான் நின்றது, மேலும் இரண்டு மாதம் நீட்டிக்க முடிந்தது. பணிநீக்கத்துக்குக் கல்வி அலுவலரின் முன் ஒப்புதல் வேண்டியிருந்தது. நான்கு மாதத்துக்குள் விசாரணையை முடிக்காத பள்ளியில் ஆசிரியர் மாலை மரியாதையோடு திரும்பி வந்தார். அதைப் பார்த்த மாணவிகள் அதன்பின் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

அரசு தரப்பில் 2012 மே மாதத்து அரசாணை ஒன்று, மாணவிகளிடம் பாலியல் குற்றம் செய்த ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்குவதோடு அவருடைய கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய வழி செய்தது. நெடுங்காலம் தூங்கிய அந்த ஆணை, கிருஷ்ணகிரிச் சம்பவத்துக்குப் பிறகு எழுப்பப்பட்டது. 2025 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒழுங்கு விசாரணையில் மாணவியைக் குறுக்கு விசாரணைக்கு ஆளாக்க வேண்டியதில்லை என்பதற்கும் முன்மாதிரி உண்டு. நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரை முறையான விசாரணை இன்றி நீக்கியது சரியே என்று 1990களிலேயே, அவினாஷ் நாக்ரா வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எழுத்தில் குற்றச்சாட்டும், பதில் சொல்ல நாளும் தருவது அவசியம். பொய்ப் புகாருக்கு அஞ்சுபவர்களுக்கும் நல்ல காவல் சரியாக எழுதப்பட்ட கோப்புதான். நிரபராதியைக் காப்பாற்றுவதும் தேதியும் பதிவேடுமே.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கு இல்லை. பள்ளியின் வேலை அப்போதும் முடிவதில்லை. அவர் பெயரில் ஒரு கட்டடமோ கேடயமோ கல்வி நிதியோ இருக்கும். அதை என்ன செய்வது என்ற கேள்வியை ஒத்திப்போடும் பள்ளி, ஆண்டுதோறும் ஆண்டுவிழா மேடையில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்கிறது. வந்தவர் வீட்டுக்கு அது கேட்கும்.

ஒருவர் வந்தால் மற்றவர்களும் இருப்பார்கள் என்று கொள்வதே பொருத்தம். அவர்களைத் தேடிப்போய், ‘உங்களுக்கும் நடந்ததா’ என்று கேட்கக் கூடாது. கணவரோ மாமியாரோ அருகில் இருக்கும்போது வரும் அத்தகைய போன் ஒரு குடும்பத்தை உடைத்துவிடும், நீதிமன்றத்தில் சாட்சியத்தையும் கெடுக்கும். இன்ன ஆண்டுகளில் படித்தவர்கள் யாரேனும் பள்ளியிடம் சொல்லவேண்டியது இருந்தால் இன்னாரிடம், இந்த எண்ணில் சொல்லலாம் என்று பெயர் குறிப்பிடாமல் பொதுவாக அறிவிப்பது போதும். அந்த ‘இன்னார்’ பள்ளிக்கு வெளியே உள்ளவராக, கூடுமானால் பெண்ணாக, ஊரில் யாருக்கும் உறவில்லாதவராக இருக்கவேண்டும். கடைசி நிபந்தனை ஆம்பூர் அளவு ஊரில் எளிதல்ல. வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் தேடவேண்டும். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு 1098, 14417 எண்களும், அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டியும் இருக்கின்றன. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்டுப்பார்க்க வேண்டும்.

வந்தவர் என்ன எதிர்பார்க்கிறார்? ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் தேசிய ஈட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது: பணம், மனநல ஆலோசனை, நிறுவனத்தின் பொறுப்பாளரே நேரில் உட்கார்ந்து கேட்டு மன்னிப்புக் கோருவது என்று மூன்று பகுதிகள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. உரிமையியல் வழக்கில் நட்ட ஈடு கேட்கலாமென்றால், சிறுவயதில் நேர்ந்ததற்கு 18 வயது நிரம்பியபின் மூன்றாண்டுக்குள் போயிருக்கவேண்டும். ஆகவே மன்னிப்பும் உதவியும் பள்ளியின் மனத்தைப் பொறுத்தே இருக்கின்றன. வழக்கறிஞர் எழுதிக்கொடுக்கும் ‘தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்’ என்ற வரியை வாங்கிப் படித்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் கடிதம் சிறியது. இந்த ஆண்டு நீங்கள் இந்தப் பள்ளியில் படித்தீர்கள், உங்களைக் காக்கவேண்டியது எங்கள் பொறுப்பு, நாங்கள் காக்கவில்லை, சொன்னபோது, அல்லது உங்கள் பெற்றோர் சொன்னபோது, நாங்கள் கேட்கவில்லை. கீழே தாளாளரின் கையெழுத்து, பள்ளி முத்திரை. மருத்துவச் செலவையும் ஆலோசனைச் செலவையும் பள்ளி ஏற்கும்போது, அதற்கு ஈடாக வழக்கை விடச் சொல்லி எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது.

இவ்வளவும் ஒரு கோப்பில் சேர்கிறது: முதல் நாள் குறிப்பு, காவல் நிலையத்தில் கொடுத்த கடிதத்தின் ஒப்புகை, பூட்டிவைத்த பதிவேடுகளின் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கைத் தாள்கள், மன்னிப்புக் கடிதத்தின் நகல். வழக்கு முடிந்தாலும் இது எடைக்குப் போகும் கட்டில் சேரக்கூடாது. தலைமையாசிரியர் மாறும்போது ஆய்வக இருப்பு, நூலக இருப்பு, சாவிகள் என்று ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று எழுதுவார்கள். மூடி முத்திரையிட்ட இந்தக் கோப்பும் அதில் ஒரு வரியாக இடம்பெறவேண்டும். புதிதாக வருபவர் அந்த வரிக்கு எதிரிலும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.